பழைய மோட்டார் வண்டியும் புதிய தொழினுட்பமும்: மொரிஸ் மைனரை முன்வைத்து ஒரு நோக்கு

பழைய மோட்டார் வண்டிகளிற் புதிய தொழினுட்பச் சாதனங்களைப் பொருத்தலாமா என்ற வினா, மேலெழுந்தவாரியாக நோக்குவோர்க்குச் செல்வர் சிலரின் பொழுதுபோக்குப் பற்றிய வினாவாகவே தோன்றும். பிரித்தானியாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் அது பெரும்பாலும் அவ்வாறே விவாதிக்கப்பட்டு வருகின்றது. ஆயின், இலங்கை போன்றதொரு நாட்டில் நாற்பது, ஐம்பது ஆண்டுப் பழைமை வாய்ந்த வண்டிகள் காட்சிப் பொருளாகவன்றி, வாடகைக்கு ஓடிப் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டன என்பதை மனங்கொள்ளுமிடத்து, அவ்வினா வேறொரு பொருளைப் பெறுகின்றது. ஒரு பொறியைத் திருத்தும் அறிவு யாரிடம் உள்ளது, புதிய சாதனமொன்று உட்புகும்போது அவ்வறிவு யார் கைக்குப் பெயர்கின்றது என்பதே அப்பொருள். மொரிஸ் மைனர் என்னும் ஒரு வண்டியை முதன்மையாகக் கொண்டு இதனை ஆராய இக்கட்டுரையில் முயல்கின்றோம்.

சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு அவசியம். 'விண்டேஜ்' என்ற சொல்லை 1934இல் இங்கிலாந்தில் தோன்றிய விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கழகம், 1919 முதல் 1930 வரை செய்யப்பட்ட வண்டிகளுக்கு மட்டுமே உரியதாக வரையறுத்தது. 'கிளாசிக்' என்பதற்கு அத்தகைய இறுக்கமான எல்லை எதுவும் இல்லை. நம்மவர் வழக்கில் இரண்டும் 'பழைய கார்' என்பதனுள் அடங்கிவிடுகின்றன. நாமும் அவ்வழக்கையே பெரும்பாலும் பின்பற்றுகின்றோம்.

பழைய வண்டியிற் புதியதைப் புகுத்துதல் இன்று நேற்றுத் தோன்றிய பழக்கமன்று. மோட்டார் வண்டியின் தொடக்க காலத்தில் எஞ்சினை இயக்குவதற்கு முன்புறத்துக் கைப்பிடியைச் சுழற்ற வேண்டியிருந்தது; அக்கைப்பிடி திருப்பி அடித்துக் கை முறிந்தோர் பலர். சார்ள்ஸ் கெற்றரிங் உருவாக்கிய மின்தொடக்கியைக் கடிலாக் நிறுவனம் தனது 1912ஆம் ஆண்டு வண்டிகளிற் பொருத்தியது. ஃபோர்ட் நிறுவனமோ தனது 'மொடல் ரி' வண்டிக்கு அதனை 1919இலேயே வழங்கியது. இடைப்பட்ட காலத்தில் பிற நிறுவனங்கள் செய்த தொடக்கிகளை உரிமையாளர் தாமே வாங்கிப் பொருத்திக் கொண்டனர். ஆகவே, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த வடிவமே தூய வடிவம், பின்னர் செய்யப்பட்ட யாவும் கலப்பு என்னும் கருத்து வரலாற்றோடு பொருந்துவதாக இல்லை.

மொரிஸ் மைனர் அலெக் இசிகோனிஸ் என்பவரால் வடிவமைக்கப்பட்டு, 1948இல் இலண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் முதன்முதல் வைக்கப்பட்டது. 1971 வரை பதினாறு இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. தொடக்கத்தில் 918 கன சென்ரிமீற்றர் எஞ்சினையும், 1952 முதல் 803, 1956 முதல் 948, 1962 முதல் 1098 கன சென்ரிமீற்றர் எஞ்சின்களையும் அது பெற்றிருந்தது. பிந்திய இம்மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாதலின், ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைப்பது எளிது. இங்கிலாந்தில் 803 எஞ்சினைக் கழற்றி 1098ஐப் பூட்டிய வண்டிகள் ஏராளம். இங்கும் அவ்வாறே. மூடியைத் திறந்தால் எல்லாப் பாகமும் கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும். சாதாரண திருகாணிச் சாவிகள் சிலவற்றைக் கொண்டே அதனைப் பெரும்பாலும் பிரித்துப் பூட்டிவிடலாம். இப்பண்பே நமது விவாதத்தின் மையமாகும்.

இன்று இத்தகைய வண்டிகளில் அதிகம் பொருத்தப்படும் புதுச் சாதனம் இலத்திரனியல் எரிபற்றல் ஆகும். இதனைச் சற்று விரிவாக நோக்குதல் பயனுடையது. பழைய முறையிலே, பற்றரியிலிருந்து வரும் மின்னோட்டம் எரிபற்றற் சுருளின் முதற்சுற்றினூடாகப் பாய்ந்து அங்கே ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகின்றது. கராஜ்களில் 'பொயின்ற்' எனப்படும் சிறிய தொடுகை, எஞ்சினோடு சுழலும் ஒரு புடைப்பினாலே தள்ளப்பட்டுத் திறக்கும் கணத்தில் அம்மின்னோட்டம் அறுகின்றது; காந்தப்புலம் சரிகின்றது; அதன் விளைவாக இரண்டாவது சுற்றிற் பல்லாயிரம் வோல்ற்று அழுத்தம் எழுந்து, பிளக்கின் முனையிற் பொறியாகத் தாவுகின்றது. தொடுகை திறக்கும் இடைவெளி மைனரில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு, அதாவது ஏறத்தாழ 0.4 மில்லிமீற்றர். தொடுகையின் முகங்கள் நாளடைவிற் கருகிக் குழிவிழும். தள்ளப்படும் குதி தேயும். இடைவெளி மாறினால் பொறி தோன்றும் நேரமும் மாறும். எனவே சில ஆயிரம் மைல்களுக்கு ஒருமுறை அதனைத் துப்புரவாக்கிச் சீர்செய்தல் வேண்டும்.

புதிய முறையிலே தொடுகை இல்லை. சுழலும் தண்டில் ஒரு காந்த வளையமும், அதனருகே அக்காந்தத்தை உணரும் ஓர் உணர்கருவியும் வைக்கப்படுகின்றன. அவ்வுணர்கருவி தரும் குறிப்பைக் கொண்டு ஒரு திரான்சிற்றர் மின்னோட்டத்தை அறுத்து விடுகின்றது. உராய்வது எதுவும் இல்லாமையால் தேய்வும் இல்லை. முழுச் சாதனமும் பழைய பகிர்வியின் மூடிக்குள்ளே அடங்கிவிடும், வெளியே தெரிவதில்லை. அரைமணி நேரத்திற் கழற்றிப் பழைய தொடுகையை மீண்டும் பூட்டிவிடலாம். குளிரில் வண்டி உடனே இயங்கும். எரிபொருள் சீராக எரியும். இவ்வளவு நன்மை இருக்க, எதிர்ப்பதற்கு என்ன உண்டு?

மைனர்களிற் பெரும்பாலானவற்றில் பற்றரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இக்கால வழக்கு இதற்கு நேர்மாறானது. முனைகளைக் கவனியாது இணைத்தால் திரான்சிற்றர் ஒரு கணத்தில் அழிந்துவிடும். இது கவனத்தினால் தவிர்க்கத்தக்கது. மற்றையது அவ்வாறானதன்று. பழைய தொடுகை பழுதாகும்போது படிப்படியாகவே பழுதாகும். எஞ்சின் இடறும், இழுவை குறையும், ஓட்டுனருக்கு முன்னறிவித்தல் கிடைக்கும். நடுவழியில் நின்றாலும் ஒரு துண்டு அரத்தாள், கையிலுள்ள சிகரெட் பெட்டியின் மட்டைத்துண்டு ஆகியவற்றைக் கொண்டு துடைத்து, இடைவெளியைக் கண்மதிப்பால் வைத்து வீடு வந்து சேர்ந்தவர் எத்தனையோ பேர். புதிய சாதனம் பழுதாகும்போது முற்றாகவே பழுதாகும். அது பிசினால் மூடி வார்க்கப்பட்டது. திறந்து திருத்துவதற்கு அதிலே இடமில்லை. அதைச் செய்தவனிடம் மற்றொன்றை வாங்குவதே வழி. இவ்வாறு, அடிக்கடி தேவைப்பட்ட ஒரு சிறு உழைப்பு நீக்கப்பட, அதனோடு அவ்வுழைப்பை ஆற்றத் தெரிந்தவனும் நீக்கப்படுகின்றான். புதிய சாதனத்தைப் பூட்டுவோர் பழைய தொடுகைத் தட்டை ஒரு துணியிற் சுற்றி வண்டியிலேயே வைத்திருப்பது நன்று என்பது நமது கருத்து. அனுபவமுள்ள பலர் அவ்வாறு செய்வதையும் காணலாம்.

மின்னாக்கியைப் பொறுத்தவரை நிலைமை சற்று வேறுபட்டது. மைனரிலுள்ள லூக்கஸ் டைனமோ, எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது மிகக் குறைந்த மின்னையே தரும். இரவிலே, மழையிலே, விளக்கும் துடைப்பானும் ஒருங்கே இயங்க, சந்தியில் வண்டியை நிறுத்தியிருக்கும்போது விளக்கு மங்குவதைப் பழைய கார் ஓட்டிய எவரும் அறிவர். பிற்கால மைனர்களில் இருந்த டைனமோவின் உச்ச வெளியீடே 22 அம்பியர்தான். ஆடலோட்டத்தைப் பிறப்பித்து இருவாயிகளினால் நேரோட்டமாக மாற்றும் ஒல்ரனேற்றர் மெதுவான வேகத்திலும் போதிய மின்னைத் தரும். பழைய கார்ச் சொத்திகளிற் கிடைப்பதும் எளிது. இதற்கும் பற்றரியின் முனைகளைப் பொதுவாக மாற்ற வேண்டும். இங்கே சுவையான ஒரு செய்தி உண்டு. பக்க விளக்கு, பின்விளக்கு, மீற்றர் விளக்கு ஆகியவற்றுக்கு எல்.ஈ.டி. குமிழ்களை இட்டால், மின்தேவை வெகுவாகக் குறைந்து, பழைய டைனமோவே போதுமானதாகிவிடும். புதியதொன்று பழையதொன்றைக் காப்பாற்றும் உதாரணம் இது. முன்விளக்குக்கு மட்டும் எச்சரிக்கை தேவை. பழைய தெறிகண்ணாடி இழைக்குமிழுக்காக வளைக்கப்பட்டது. ஒளி பிறக்கும் இடம் சிறிது பிசகினாலும் எதிரே வருபவரின் கண் கூசும்.

பெற்றோலின் கதை உரிமையாளர் விரும்பியும் விரும்பாமலும் நிகழ்ந்த மாற்றம். 1921இல் ஐக்கிய அமெரிக்காவில் தோமஸ் மிட்ஜ்லி, எஞ்சினில் 'தட்டல்' ஏற்படாதிருக்க ஈயச் சேர்வையொன்றைப் பெற்றோலிற் கலக்கும் முறையைக் கண்டார். அவ்வீயம் வெளியேற்று வால்வின் இருக்கையிலே மெல்லிய படலமாகப் படிந்து, உலோகத்தோடு உலோகம் ஒட்டிப் பிய்வதையும் தடுத்தது. வார்ப்பிரும்பிலேயே வெட்டப்பட்ட இருக்கைகளைக் கொண்ட மைனர் போன்ற வண்டிகள் இப்படலத்தை நம்பியே ஓடின. ஈயமோ குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. பிரித்தானியாவில் 1999ஆம் ஆண்டின் இறுதியோடும் இலங்கையில் 2002இலும் ஈயப் பெற்றோல் விற்பனை நின்றது. உலகில் இறுதியாக அதனைக் கைவிட்ட நாடு அல்ஜீரியா, 2021இல். எஞ்சின் தலையைக் கழற்றி, இருக்கைகளைக் கடைந்தெடுத்து, கடினமான உருக்கு வளையங்களை இறுக்கிப் பொருத்துவது இதற்கான பரிகாரம். மூலத்திலிருந்து மீளமுடியாத மாற்றம்தான். ஆயினும், மூலத் தூய்மையை வற்புறுத்தும் எவரும் இதனை எதிர்த்ததாகத் தெரியவில்லை. வெளியே தெரியாத மாற்றத்துக்கு அவர்கள் தாராளமாக இடங்கொடுப்பர். பிரித்தானியாவில் 2021 செப்ரெம்பரில் அறிமுகமான பத்து வீத எதனோல் கலந்த பெற்றோல் பழைய இறப்பர்க் குழாய்களை அரிப்பதனால், அவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று.

பிறேக்கு விடயத்தில் விவாதத்துக்கு அதிக இடமில்லை. மைனரின் நான்கு சில்லுகளிலும் உள்ளவை டிரம் பிறேக்குகள். நான்குக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று. ஒரு குழாய் வெடித்தால் கைப்பிறேக்கைத் தவிர வேறு துணை இல்லை. 1971இல் வெளிவந்த மொரிஸ் மரீனாவின் முன்சில்லமைப்பு மைனரின் வழியில் வந்ததாதலின், அதன் தகட்டுப் பிறேக்குகளை மைனருக்கு இசைவிப்பது பிரித்தானியாவில் வழக்கமாயிற்று. இக்கால வீதியில், இக்கால வண்டிகளின் நடுவே, பிறருடைய உயிரும் சம்பந்தப்பட்ட ஒன்றில் மூலத் தூய்மையை வற்புறுத்துதல் முறையாகாது.

இனி, பேணலின் கோட்பாட்டுக்கு வருவோம். கட்டடங்களைப் பேணுதற்கு 1964இல் வெனிசிலே ஒரு சாசனம் வகுக்கப்பட்டமை அறிந்ததே. அதனை முன்மாதிரியாகக் கொண்டு, பழைய வாகனங்களுக்கான சர்வதேசச் சம்மேளனமாகிய ஃபீவா, 2012இல் டூரின் சாசனத்தை ஏற்றுக்கொண்டது. மாற்றங்கள் இயன்றவரை மீளத்தக்கனவாக இருத்தல் வேண்டும், அவை பதிவுசெய்யப்படல் வேண்டும் என்னும் எண்ணம் அதன் அடிநாதமாகும். பிரித்தானியச் சட்டமும் ஓர் அளவுகோலை வைத்துள்ளது. நாற்பது ஆண்டைக் கடந்த வண்டிகளுக்கு 2018 மே மாதம் முதல் வருடாந்தப் பரிசோதனை கட்டாயமில்லை. ஆனால், கடந்த முப்பது ஆண்டுகளுக்குள் பெருமளவில் மாற்றப்பட்ட வண்டிக்கு இச்சலுகை இல்லை. எது பெருமாற்றம் எனக் கணிக்கும்போது, அவ்வகை வண்டிகள் உற்பத்தியில் இருந்த காலத்திலோ அதன் பின்னான பத்து ஆண்டுகளுக்குள்ளோ வழக்கிலிருந்த மாற்றமாயின் விலக்கு அளிக்கப்படுகின்றது.

அந்நாட்டு நீதிமன்றம் இன்னும் விரிந்த பார்வையை ஒருமுறை காட்டியது. 1929, 1930 ஆகிய ஆண்டுகளில் லே மான் போட்டியில் வென்ற பென்ற்லி வண்டியொன்று 'பழைய முதலாம் இலக்கம்' எனப் பெயர் பெற்றது. பின்னர் அதற்கு வேறு எஞ்சின் பூட்டப்பட்டது; 1932இல் புறூக்லண்ட்ஸ் ஓட்டத்தில் விபத்துக்குள்ளாகி, மீண்டும் கட்டப்பட்டது. 1990இல் அதன் விற்பனை பற்றிய வழக்கில், லே மானில் ஓடிய உலோகம் அதிலே மிகச் சிறிதே எஞ்சியுள்ளதென்பதை நீதிபதி ஏற்றுக்கொண்டார். ஆயினும், அது ஒருபோதும் இல்லாதொழியவில்லை, படிப்படியான மாற்றங்களினூடாக அதன் வரலாறு அறாது தொடர்ந்துள்ளது என்பதனால், அப்பெயருக்கு அவ்வண்டியே உரியது எனத் தீர்த்தார். பொருளின் அடையாளம் அதன் உலோகத்தில் அன்றி அதன் தொடர்ச்சியான வரலாற்றில் உள்ளது என்னும் இத்தீர்ப்பு, பல கோடி பெறும் பந்தய வண்டி பற்றியது. யாழ்ப்பாணத்து வாடகைக் கார் பற்றியும் இதே நியாயத்தை நாம் பேசலாம் அல்லவா?

இலங்கையிலே 1960களின் தொடக்கத்தில் ஏற்பட்ட அந்நியச் செலாவணி நெருக்கடியை அடுத்துக் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977க்குப் பின்னரே அது தளர்ந்தது. இடைப்பட்ட காலத்தில், இருந்த வண்டிகளை ஓடவைத்தல் ஒரு தனித் தொழிலாக வளர்ந்தது. மொரிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 முதலியவற்றுக்குப் பாகங்கள் கடைந்தும் வார்த்தும் இங்கேயே செய்யப்பட்டன. இத்திறன் எவ்வளவு தூரம் வளர்ந்திருந்தது என்பதற்கு ஒரு சான்று போதும். இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையத்தை நடத்திய சார்ள்ஸ் வெயர், 1990களின் தொடக்கத்தில் இலங்கையருடன் கூட்டுச் சேர்ந்து, மைனருக்குரிய தகட்டுப் பாகங்களை இங்கு செய்வித்துப் பிரித்தானியாவுக்கு எடுக்கும் முயற்சியில் இறங்கினார். காரைச் செய்த நாடு, அதன் பாகத்துக்கு, அதனை வாங்கிய நாட்டின் கைத்தொழிலாளரை நாட வேண்டியதாயிற்று.

வடபகுதியின் அனுபவம் இன்னும் ஒரு படி மேலானது. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டதைத் தொடர்ந்து, பெற்றோல் உட்படப் பல பொருட்கள் அங்கு செல்வது தடுக்கப்பட்டது. அக்காலத்திற் கார்களும் மோட்டார்ச் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. இதனை ஏதோ விந்தை போலச் சொல்வோருளர். அது பௌதிகத்தை நன்கு பயன்படுத்திய தொழினுட்பமாகும். மண்ணெண்ணெய் குளிர்ந்த நிலையில் எளிதில் ஆவியாவதில்லை. மேலும், உயர்ந்த அமுக்கத்தில் அது தட்டலை உண்டாக்கும். பழைய எஞ்சின்களோ தாழ்ந்த அமுக்க விகிதம் உடையவை. 803 கன சென்ரிமீற்றர் மைனரில் அது 7.2:1. சிறு போத்தலில் வைத்திருந்த சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். மைனரில் உட்செல் குழாயும் வெளியேற்று குழாயும் ஒரே பக்கத்தில் ஒட்டியிருப்பதனால், அவ்வெப்பம் மண்ணெண்ணெயை ஆவியாக்க உதவியது. பொறி தோன்றும் நேரத்தைச் சிறிது பிந்தச் செய்தால் தட்டல் குறையும். கையாற் திருப்பத்தக்க பழைய பகிர்வி அதற்கும் இடங்கொடுத்தது. எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதனை நீர்க்கச் செய்ததும், பிளக்கு கரிபிடித்ததும், புகை மண்டியதும் இதற்குக் கொடுத்த விலை. இங்கிலாந்தின் ஃபேர்குசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை, பெற்றோலிற் தொடங்கி மண்ணெண்ணெய் போன்ற மலிவான எண்ணெயில் ஓடும்படி தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டது. அங்கே பொறியியலாளர் வரைபலகையிற் செய்ததை, இங்கே கராஜிலே, நெருக்குவாரத்தின் நடுவே, பெயர் அறியப்படாத தொழிலாளர் செய்தனர்.

பிரித்தானிய விதியின் பத்தாண்டுக் கணக்கை இவ்விடத்தே பொருத்திப் பார்த்தல் தகும். மைனரின் உற்பத்தி 1971இல் முடிந்தது. கணக்கு 1981உடன் முடிகின்றது. 1990களின் மண்ணெண்ணெய்ப் பொருத்துகள் அக்கணக்குக்கு வெளியே நிற்கின்றன. கார் பத்தாண்டில் தன் உழைப்பை முடித்துக்கொள்ளும் சமூகத்துக்கு ஏற்ற அளவுகோல் அது. முப்பது, நாற்பது ஆண்டு உழைத்த வண்டிக்கு, அதன் உழைப்புக்காலம் முழுவதும் வரலாற்றுக் காலமே.

சேகரிப்போர் கைக்கு இத்தகைய வண்டி வரும்போது நிகழ்வது யாது? இன்று அதற்கு மதிப்பு அதிகம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி வரை தனியார் கார்களுக்குத் திறக்கப்படாமையும் எல்லாப் பழைய வண்டிகளின் விலையையும் ஏற்றியது. முன்னர் பயன்பெறுமதியினால் வாழ்ந்த வண்டி, இப்போது பரிமாற்றப் பெறுமதியினால் வாழ்கின்றது. அப்பெறுமதி தொழிற்சாலை மூலத்தோடு எவ்வளவு ஒத்திருக்கின்றது என்பதைப் பொறுத்தது. எனவே, உள்ளூரில் வார்த்த பாகம் கழற்றி எறியப்படுகின்றது. மண்ணெண்ணெய்க்கெனச் செய்த சிறு தாங்கியும் குழாயும் பழைய இரும்பாகின்றன. இங்கிலாந்திலிருந்து வரவழைத்த புத்தம் புதிய 'மூலப்' பாகங்கள் அவ்விடத்தைப் பிடிக்கின்றன. அதே கையோடு, வெளியே தெரியாத இலத்திரனியல் எரிபற்றலும் பூட்டப்படுகின்றது. பேணல் என்ற பெயரில் நிகழும் இது ஒருவகை அழிப்பே எனக் கூறுவதில் நமக்குத் தயக்கமில்லை.

மின்சாரக் காராக மாற்றுதல் இப்போது பேசப்படும் மற்றொரு விடயம். ஜகுவார் நிறுவனம் 1968ஆம் ஆண்டு ஈ-ரைப் வண்டியொன்றை அவ்வாறு மாற்றி 2017இற் காட்டியது. 2018இல் வின்சரில் நடந்த அரச திருமணத்தில் அது ஓடியதால் உலகப் பிரசித்தி பெற்றது. எஞ்சின் நீங்கிய வண்டியை வரலாற்று வாகனமெனக் கொள்ள முடியாது என ஃபீவா 2019இற் கூறியது. கூற்று நியாயமே. ஆயினும், அன்றாடம் ஓட்டி உழைக்க வேண்டியவன், வரலாற்றுப் பட்டத்தைப் பற்றிக் கவலைப்படாது அதனைச் செய்வானாயின் அவனைக் குறைகூற முடியாது. ஆண்டுக்குச் சில நூறு கிலோமீற்றர் மட்டுமே வெளியே எடுக்கப்படும் காட்சி வண்டிக்குப் பெரும் பற்றரி ஒன்றைச் செய்து பூட்டிவிட்டுச் சூழல் நலம் பேசுவதுதான் பொருந்தவில்லை.

நமக்கு மிக அணுக்கமானதாகத் தோன்றும் புதிய தொழினுட்பம், பாகங்களை ஒளிக்கதிரால் வருடி அளந்து முப்பரிமாணத்தில் அச்சிடும் முறையாகும். ஐக்கிய அமெரிக்காவில் ஜே லெனோ என்னும் பிரபல கலைஞர், தமது 1907ஆம் ஆண்டு வைற் நீராவிக் காரின் தேய்ந்துபோன பாகமொன்றை இவ்வாறு மீள உருவாக்கியதை 2009இல் எழுதினார். நமது வார்ப்புப் பட்டறைகளில் நெடுங்காலம் நிகழ்ந்ததும் இதன் முன்வடிவமே: பழைய பாகத்தையே அச்சாக மணலிற் பதித்து, உருகிய உலோகத்தை ஊற்றுவர். ஆனால், உலோகம் ஆறும்போது சுருங்கும்; வார்ப்பிரும்பு ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு, அலுமினியம் அதனிலும் சற்றுக் கூட. இருநூறு மில்லிமீற்றர் நீளமுள்ள இரும்புப் பாகம் இரண்டு மில்லிமீற்றர் குறைந்து வரும். பழைய பாகத்தின் தேய்வும் அப்படியே புதியதில் இறங்கும். அதனால் தொழிலாளர் முதலில் தேய்ந்த இடத்துக்கு உலோகமோ பசையோ பூசிப் பருமனாக்கிவிட்டே அச்சுப் பதிப்பர். எவ்விடத்தில் எவ்வளவு என்பது எழுதிவைக்கப்படாத கணக்கு. கணினியிலுள்ள அளவுக்கோவையில் இவ்விரு திருத்தங்களையும் துல்லியமாகச் செய்து, கூட்டிய அளவில் அச்சை அச்சிட்டு, அதே மணலில், அதே உலையில் வார்க்கலாம். கோவையை ஒரு பட்டறை மற்றொன்றுக்கு அனுப்பலாம். இதிலே புதியது பழைய தொழிலாளியை வெளியேற்றவில்லை. ஏனெனில், வருடும் கருவி தான் காணும் பரப்பை மட்டுமே அளக்கும். அப்பரப்பில் எது மூல அளவு, எது தேய்வு, எது முன்னொரு கையால் வேண்டுமென்றே செய்யப்பட்ட மாற்றம் என்பதைச் சொல்வதற்கு, அப்பாகத்தை நூறு முறை கழற்றிப் பூட்டிய ஒருவர் அந்தத் திரையின் அருகில் இருக்க வேண்டும்.